அரவேணு வீட்டுக்கு ஒரு லேப்டாப்

நீலகிரியில் கோத்தகிரிக்குப் பக்கத்தில் அரவேணுவில் எங்கள் வீடு. அங்கே ஒரே லேப்டாப்பை மூன்று பேர் பங்குபோட்டுக்கொள்கிறோம். பகலில் அது என்னுடையது. இரண்டு பதிப்பகங்களுக்குப் புத்தகப் பக்கம் வடிவமைத்துக் கொடுக்கிறேன். அந்த வேலை முழுக்க அதில்தான். சாயங்காலம் ஆறு மணி போல அம்மா வந்து, அன்றைக்கு எத்தனை கிலோ தேயிலை ஃபேக்டரிக்குப் போனது என்று எக்செல்லில் ஏற்றுவார். சாப்பாட்டுக்கு அப்புறம் நான் விளையாடுவேன். சனி, ஞாயிறுகளில் கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து தம்பி வந்துவிட்டால் அவனுக்குத்தான் முதல் உரிமை.

அந்த லேப்டாப் 2017-ல் வாங்கியது. 7-ஆம் தலைமுறை ஐ5 பிராசசர். நடுவில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டேன், ரேமைக் கூட்டினேன், ஒரு தடவை பேட்டரி மாற்றினேன். நன்றாகவே உழைத்தது. ஆனால் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. இன்டெல் பிராசசர்களில், ஒருசில விதிவிலக்கு தவிர, 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11-க்கு அனுமதி. ஒரே ஒரு தலைமுறையில் எங்களுடையது வெளியே நின்றுவிட்டது. அடுத்து வந்த ஐப்பசி மழையில் கீபோர்டின் நடு வரிசையில் நாலு எழுத்துகள் வேலை செய்வதை நிறுத்தின. தட்டச்சு செய்துதான் என் சம்பளம் வருகிறது. சரி, இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று முடிவெடுத்தோம்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு மாதம் படித்தேன், கேட்டேன், கடை கடையாகப் பார்த்தேன். அந்த ஒரு மாதத்தில் எனக்குப் புரிந்த விஷயம் ஒன்று உண்டு: கோயம்புத்தூரிலோ சென்னையிலோ இருப்பவருக்குச் சொல்லும் யோசனை மலையில் இருப்பவருக்குப் பாதிதான் பொருந்தும். மீதிப் பாதியை எங்கேயும் யாரும் எழுதியிருக்கக் காணோம். அதனால் நானே எழுதுகிறேன்.

முதல் சண்டை, விளையாட்டின் காட்சிகளைத் திரையில் வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டில் தொடங்கியது. "அக்கா, 4060 இருந்தா போதும்க்கா. மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்று தம்பி போனில் தினமும் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் ஒரு மெல்லிய, அழகான லேப்டாப்பின் படத்தை அனுப்பினான். என்விடியா கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு, எடை இரண்டு கிலோவுக்கும் கீழே. விலையும் எங்கள் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான். எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஆனால் அதன் விவரப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: கார்டுக்கு அதிகபட்சம் 60 வாட்ஸ்.

இந்த வரிதான் முக்கியம். கார்டு எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்பதற்கான வரம்பு அது. லேப்டாப்பில் வருகிற ஆர்டிஎக்ஸ் 4060-ஐ 35 வாட்ஸிலிருந்து 115 வாட்ஸ் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் லேப்டாப் கம்பெனி பூட்டி வைக்கலாம் என்று என்விடியாவே அனுமதித்திருக்கிறது. அதற்கு ஒரு படி கீழே உள்ள 4050-க்கும் அதே 35 முதல் 115 வரைதான். பெட்டியின் மேல் ஒட்டும் ஸ்டிக்கரில் இந்த எண் வராது. எங்கள் ஊரில் ஓடையிலிருந்து தோட்டத்துக்குக் குழாய் இழுத்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மேலே தொட்டி எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அரை இன்ச் குழாய் போட்டால் அரை இன்ச் தண்ணீர்தான் கீழே வரும். குறைந்த வாட்ஸில் கட்டிப்போட்ட 4060-ஐ, முழு வாட்ஸில் ஓடும் 4050 பல விளையாட்டுகளில் எட்டிப் பிடித்துவிடும். கார்டின் எண்ணை மட்டும் பார்த்து வாங்கியிருந்தால், கூடுதல் பணம் கொடுத்துக் குறைந்த வேகத்தை வாங்கியிருப்போம்.

அப்படியானால் முழு வாட்ஸ் 4050 போதுமே என்று கேட்கலாம். நானும் கொஞ்ச நாள் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தேன். தடுத்தது அதன் நினைவகம். 4050-ல் 6 ஜிபி, 4060-ல் 8 ஜிபி. இப்போது வருகிற பெரிய விளையாட்டுகளில் காட்சித் தரத்தைக் கொஞ்சம் கூட்டினாலே 6 ஜிபி நிரம்பிவிடுகிறது. நிரம்பியதும் படம் திக்கித் திக்கி ஓடும். கிராபிக்ஸ் கார்டைப் பின்னால் மாற்ற முடியாது, அது போர்டோடு ஒட்டியது. ரேம், எஸ்எஸ்டி மாதிரி இல்லை. ஏழெட்டு வருடம் வைத்து ஓட்டப்போகிறவர்கள், மாற்ற முடியாத பாகத்தில்தான் பணத்தைப் போட வேண்டும். ஆகவே தடிமனான உடம்பு, முழு வாட்ஸ், 4060. எடை 2.4 கிலோ. தம்பிக்கு முகம் கொஞ்சம் வாடியது, ஆனால் வாட்ஸ் கணக்கைப் படித்ததும் அவனே அந்த மெல்லிய லேப்டாப்பைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டான்.

பிராசசர் விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன். கோயம்புத்தூர் காந்திபுரத்தில் ஒரு கடையில், "மேடம், இது ரைசன் 7000 சீரிஸ். புதுசு" என்று ஒரு லேப்டாப்பைக் காட்டினார்கள். 7735எச்எஸ். ஏஎம்டியின் அந்த வரிசையில் முதல் எண் எந்த ஆண்டுக்கான வெளியீடு என்பதைத்தான் சொல்லும். உள்ளே இருக்கும் வடிவமைப்பு எவ்வளவு புதியது என்பதைச் சொல்வது மூன்றாவது எண். 7735-ல் அது 3, அதாவது ஏஎம்டி ஸென் 3 என்று பெயர் வைத்த வடிவமைப்புக் குடும்பம். 7840-ல் அது 4, ஸென் 4. இரண்டுமே 7000 வரிசைதான். 7735 மோசமான பிராசசர் இல்லை. விலை குறைவாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். புதியதற்கான விலையைக் கொடுத்து வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

அதே கடையில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் திரை. அடுத்தடுத்து நாலு லேப்டாப் திறந்து வைத்திருந்தார்கள். நான் பென் டிரைவில் கொண்டுபோன ஒரு அட்டைப்படத்தை நாலிலும் திறந்து பார்த்தேன். குங்குமச் சிவப்பு இரண்டு திரைகளில் செங்கல் நிறமாகத் தெரிந்தது. விவரத்தைப் பார்த்தால் அந்த இரண்டும் 45 சதவீத என்டிஎஸ்சி. சரியாகத் தெரிந்த இரண்டும் 100 சதவீத எஸ்ஆர்ஜிபி. ஒரு திரையால் எவ்வளவு நிறங்களைக் காட்ட முடியும் என்பதற்கான அளவுகோல்கள் இவை. 144 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 144 தடவை படம் மாறும் என்பதைப் பெரிதாகப் போட்டுவிட்டு நிறத்தைப் பற்றி வாயே திறக்காத திரைகள் நிறைய இருக்கின்றன. விளையாட்டுக்கு மட்டும் என்றால் சமாளித்துக்கொள்ளலாம். அச்சுக்குப் போகிற வேலை செய்பவர்களும், வீட்டில் கல்யாணப் படங்களைத் திருத்திப் பார்ப்பவர்களும் 45 சதவீதத் திரையைத் தொடவே வேண்டாம். இன்னொன்று, திரையின் அகல, உயர விகிதம்: 16:9-க்குப் பதில் 16:10. 1920-க்கு 1200. உயரத்தில் 120 புள்ளிகள் கூடுதல். கேட்கும்போது சின்ன விஷயம். நாள் முழுக்கப் பக்கங்களைப் பார்க்கிறவருக்கு அது பெரிய நிம்மதி.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். இனி எங்கள் ஊர்.

மழைக்காலத்தில் இங்கே கரண்ட் போவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், பந்தலூர் பக்கம் அடி வாங்கும். வடகிழக்குப் பருவமழை வந்தால் குன்னூர், கோத்தகிரி எங்கள் முறை. மரம் கம்பி மேல் சாய்ந்தால் மரத்தை அறுத்து, கம்பியை இழுத்துக் கட்டி, மறுபடி கரண்ட் வருவதற்குள் ஒரு ராத்திரி போய்விடும். மழையில் நனைந்துகொண்டே கம்பத்தில் ஏறுகிற அந்த மனிதர்களைப் பார்த்தால் குறை சொல்ல மனம் வராது. ஆகவே எங்கள் பக்கம் எல்லார் வீட்டிலும் இன்வெர்ட்டர் உண்டு. எங்கள் வீட்டில் இருந்தது 850 விஏ, சதுர அலை வகை. பத்து வருடத்துக்கு மேல் பல்பும் ஃபேனும் ஓட்டிய நம்பிக்கையான பெட்டி.

ஒரு சனிக்கிழமை தம்பி தன் ரூம் நண்பனைக் கூட்டி வந்தான். அந்தப் பையன் தன் கேமிங் லேப்டாப்பையும் கொண்டுவந்திருந்தான். நடுவில் கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டதும், அவனுடைய சார்ஜர் சில்வண்டு மாதிரி கிறீச்சிட ஆரம்பித்தது. லேப்டாப்பில் சார்ஜ் ஏறுகிறது, நிற்கிறது, ஏறுகிறது, நிற்கிறது. தொட்டுப் பார்த்தால் சார்ஜர் கொதிக்கிறது. உடனே பிடுங்கிவிட்டோம். என் பழைய லேப்டாப்பின் 65 வாட்ஸ் சார்ஜர் அதே இன்வெர்ட்டரில் இத்தனை வருடம் சத்தம் போடாமல் ஓடியிருக்கிறதே என்று எனக்குக் குழப்பம்.

காரணம் இதுதான். 180, 230 வாட்ஸ் என்று வருகிற பெரிய சார்ஜர்களுக்குள் கரண்டைச் சீராக இழுப்பதற்காக, பவர் ஃபேக்டரைச் சரிசெய்யும் ஒரு சர்க்யூட் இருக்கும். சிறிய சார்ஜர்களில் பெரும்பாலும் அது இருக்காது. அந்த சர்க்யூட், வோல்டேஜ் அலை அலையாக வளைந்து ஏறி இறங்கும் என்று எதிர்பார்த்தே வேலை செய்கிறது. சதுர அலை இன்வெர்ட்டர் வோல்டேஜைப் படிக்கட்டு மாதிரி திடீரென்று ஏற்றித் திடீரென்று இறக்கும். ஒவ்வொரு ஏற்றத்திலும் கரண்ட் குபீரென்று பாயும். அந்த அதிர்ச்சிதான் சத்தமாகவும் சூடாகவும் வெளியே வருகிறது. தொடர்ந்து ஓட்டினால் சார்ஜரின் ஆயுள் குறையும். ஆக, கேமிங் லேப்டாப் வாங்குகிற மலைவாசி, வோல்டேஜை வளைந்த அலையாகவே தரும் சைன் அலை இன்வெர்ட்டரையும் அதே பட்ஜெட்டில் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். பழைய பேட்டரியையே வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் மாற்ற எங்களுக்கு ஏழாயிரம் ரூபாய்க்குப் பக்கம் ஆனது. அதற்காக லேப்டாப்பில் 1 டிபி எஸ்எஸ்டியை விட்டுவிட்டு 512 ஜிபி எடுத்தேன். எஸ்எஸ்டிக்கு இன்னொரு காலி இடம் உள்ளே இருக்கிறது, அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கணக்கும் போட்டு வைத்தேன். 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்றால் காகிதத்தில் 1,800 வாட்-ஹவர். இன்வெர்ட்டரில் ஆகும் இழப்பையும், பேட்டரியை அடிவரை காலி செய்யக் கூடாது என்பதையும் கழித்தால் 1,200 என்று வைத்துக்கொள்ளலாம். விளையாடும்போது லேப்டாப், ரவுட்டர், மூன்று பல்பு எல்லாம் சேர்ந்து 200 வாட்ஸ். ஆறு மணி நேரம். அதே லேப்டாப்பில் பக்க வடிவமைப்பு மட்டும் செய்தால் 40 வாட்ஸைத் தாண்டாது, அப்போது நாள் முழுக்க வேலை ஓடும். எனவே கரண்ட் போனால் விளையாட்டை மூடிவிடுவது என்று எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். பகல் வேலைக்கு டைப்-சி வழியாக சார்ஜ் ஏறுகிற லேப்டாப்பாகத் தேடி எடுத்ததும் இதற்காகத்தான். கையடக்கமான 65 வாட்ஸ் சார்ஜரே அலுவல் நேரத்துக்குப் போதும். செங்கல் அளவு பெரிய சார்ஜர் ராத்திரிக்கு மட்டும்.

எர்த் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய லேப்டாப்பின் உலோக மூடியில் கை வைத்தால் எறும்பு ஊர்வது போல லேசாகச் சுரீர் என்னும். பல வருடம் அதைப் பொருட்படுத்தவே இல்லை. இப்போது எலக்ட்ரீஷியன் அண்ணாவை வரவழைத்துப் பார்த்தால், எர்த் குழியே பெயருக்குத்தான் இருந்தது. எங்கள் மண் பாறை கலந்தது, குழி ஆழமாகப் போகவில்லை என்றார். வேறு இடத்தில் தோண்டிப் புதிதாகப் போட்டார். இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்கி வைப்பது மட்டும் பாதுகாப்பு என்று இருந்துவிடாதீர்கள். எர்த்தைச் சோதியுங்கள்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. கோத்தகிரி பக்கம் உயரம் ஏறக்குறைய 1,800 மீட்டர். இங்கே காற்று, கடல்மட்டத்துக் காற்றைவிட ஆறில் ஒரு பங்கு மெலிது. லேப்டாப் ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும், சூட்டைத் தூக்கிச் செல்லக் கிடைக்கும் காற்று அந்த அளவுக்குக் குறைவு. இதைப் படித்தபோது, மலையில் கேமிங் லேப்டாப் சூடேறித் தவிக்குமோ என்று பயந்துவிட்டேன். ஆனால் மறுபக்கம் பார்த்தால், கோயம்புத்தூர் ஹாஸ்டல் அறை சித்திரையில் 34 டிகிரி என்றால் எங்கள் அறை 18. சிப் 85 டிகிரியில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், அங்கே சிப்புக்கும் அறைக்கும் உள்ள இடைவெளி 51 டிகிரி, இங்கே 67. சூடு வெளியேறும் வேகம் அந்த இடைவெளியைப் பொறுத்தது. காற்று மெலிவதால் இழப்பதைவிடக் குளிரால் பெறுவது அதிகம். லேப்டாப் கம்பெனிகள் பொதுவாக 3,048 மீட்டர் வரை இயக்கலாம் என்று உறுதி கொடுக்கின்றன. ஊட்டி 2,240 மீட்டர், கொடைக்கானல் அதற்கும் கொஞ்சம் கீழே. பயப்பட ஒன்றுமில்லை. தம்பி இங்கே வந்தால் ஃபேன் சத்தமே குறைந்த மாதிரி இருக்கிறது என்கிறான், அவன் சொல்வது கற்பனை இல்லை.

பயப்பட வேண்டியது ஈரத்துக்கு. சுவரே வியர்க்கிற மாதங்கள் உண்டு. துணி காயாது, உப்பு கரையும், பீரோவுக்குள் தோல் செருப்பில் பூஞ்சை பூக்கும். என் பழைய லேப்டாப்பின் கீபோர்டு போனதற்கு நான்தான் வழி செய்தேன் என்று இப்போது நினைக்கிறேன்: ஒரு மழைக்காலத்தில் அக்காள் முறையானவர் வீட்டுப் பிரசவத்துக்காக இரண்டு மாதம் சேலம் போனபோது, பையில் போட்டு பீரோவில் பூட்டிவிட்டுப் போனேன். அதுதான் தவறு. ஓடுகிற லேப்டாப் தன் சூட்டிலேயே காய்ந்துவிடும். மூடி வைத்ததுதான் ஊறும். இப்போது யாராவது ஒருவர் தினமும் ஒரு மணி நேரமாவது அதை ஓட்டுகிறோம். வெளியூர் போனால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்துவிட்டுப் போவோம்.

மலையிலிருந்து இறங்கும்போதும் கவனம் தேவை. விடியற்காலை 12 டிகிரியில் பையில் வைத்த லேப்டாப், ஒன்றரை மணி நேரத்தில் மேட்டுப்பாளையம் போய்விடும். அங்கே காற்று 30 டிகிரி, புழுக்கம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் மேல் நீர் கோத்துக்கொள்வது போல, குளிர்ந்த லேப்டாப்பின் மேலும் உள்ளேயும் ஈரம் படியும். கீழே போனதும் பையைத் திறக்காமல் ஒரு மணி நேரம் விட்டுவிட்டு, அப்புறம் எடுத்து ஆன் செய்யுங்கள். கோயம்புத்தூரில் படிக்கிற நம் பிள்ளைகள் எல்லாருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

அடுத்தது சர்வீஸ். இதில் எனக்கு மனக்கசப்பு இருக்கிறது. பழைய லேப்டாப்பில் திரையின் ஹிஞ்ச் உடைந்தபோது வாரண்டி இருந்தது. வீட்டுக்கே வந்து பழுது பார்ப்போம் என்று போட்டிருந்தது. போன் செய்தால், "அந்த ஏரியாவுக்கு எங்க ஆளுங்க வரமாட்டாங்க மேடம், நீங்கதான் கொண்டுவரணும்." முதல் தடவை கொண்டுபோனேன், பாகம் இல்லை. இரண்டாம் தடவை தவறான பாகம் வந்திருந்தது. மூன்றாம் தடவைதான் முடிந்தது. மூன்று நாள் சம்பளம், ஆறு பஸ் பயணம். வாங்கும்போது நான் பின்கோடைச் சோதிக்கவில்லை. இந்தத் தடவை கார்டு, திரை எல்லாவற்றையும் முடிவு செய்த பிறகு, மிஞ்சிய மூன்று மாடல்களின் கம்பெனிகளுக்கும் போன் செய்து, 643-ல் தொடங்கும் எங்கள் பின்கோடைச் சொல்லி, "வீட்டுக்கு ஆள் வருவாரா?" என்று கேட்டேன். அப்புறம் அதையே மின்னஞ்சலில் எழுதித் தரச் சொன்னேன். ஒரு கம்பெனி நேராக முடியாது என்றது. ஒன்று மழுப்பியது. ஒன்று எழுதிக் கொடுத்தது. எழுதிக் கொடுத்ததை வாங்கினேன். அது மற்ற இரண்டையும்விட மூவாயிரம் ரூபாய் விலை அதிகம். மூன்று பயணத்தில் நான் இழந்ததோடு ஒப்பிட்டால் அது எனக்குக் கூடுதலாகத் தெரியவில்லை. மாடல் பெயரை இங்கே எழுதாததற்குக் காரணம், ஒரே பெயரில் ஐந்தாறு வகை விற்கிறார்கள். பெயரை நம்பி வாங்கினால் வேறு திரையோ குறைந்த வாட்ஸோ வந்து சேரும்.

ரேம் 16 ஜிபி, ஒற்றைத் துண்டாக. இரண்டு துண்டாக இருந்தால் விளையாட்டு இன்னும் சீராக ஓடும் என்பது தெரியும். 2025 கடைசியில் ரேம் விலை ஏற ஆரம்பித்ததால் இரண்டாவது துண்டை இப்போதைக்கு ஒத்தி வைத்திருக்கிறேன்.

விளையாட்டை இறக்குவதற்குத் தம்பி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-க்கு 150 ஜிபி இடம் வேண்டும். எங்கள் வீட்டு இணைப்பு நல்ல நாளில் 30 எம்பிபிஎஸ். நிற்காமல் ஓடினால் 11 மணி நேரம். மழை நாளில் நிற்காமல் ஓடாது. அதனால் ஹாஸ்டலில் இறக்கி, வெளி எஸ்எஸ்டியில் ஏற்றி, வெள்ளிக்கிழமை கடைசி பஸ்ஸில் கொண்டுவந்துவிடுகிறான். விளையாட்டுகளை விற்று இறக்கித் தரும் ஸ்டீம் செயலியின் கோப்புறையில் போட்டு நிறுவச் சொன்னால், இருக்கும் கோப்புகளைச் சரிபார்த்துக்கொண்டு, குறைவதை மட்டும் இறக்கிக்கொள்ளும்.

வாங்கி இரண்டாவது சனிக்கிழமை. வெளியே மூட்டம், தோட்டத்தில் காட்டுமாடு இறங்கியிருக்கிறது என்று பக்கத்து வீட்டு நாய் விடாமல் குரைத்துக்கொண்டிருந்தது. தம்பி விளையாட்டில் குதிரை ஏறிப் பாதி மலை போயிருப்பான், கரண்ட் போய்விட்டது. இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டது. நாங்கள் இருவரும் மூச்சுப் பிடித்துச் சார்ஜரைப் பார்த்தோம். சத்தமே இல்லை. காதை வைத்துக் கேட்டான், இல்லை. ஒப்பந்தப்படி விளையாட்டைச் சேமித்து மூடினான்.

அதற்குள் அம்மா நோட்டோடு வந்துவிட்டார். "கண்ணு, கரண்ட் வர்ற வரைக்கும் இலைக் கணக்கை ஏத்திரலாமா?" பெரிய சார்ஜரைப் பிடுங்கிச் சின்னதை மாட்டினேன். எக்செல் திறந்தது. அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையை மேலிருந்து கீழே பார்த்தார். விரல் வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணினார்.

"மாசம் முப்பத்தொண்ணும் ஒண்ணா தெரியுதே. உருட்டவே வேண்டாமா இதுல?"

வேண்டாம்மா என்றேன். நோட்டைப் பிரித்து, அன்றைய கிலோவைச் சொல்ல ஆரம்பித்தார்.